பெற்றோலில் தண்ணீர் இல்லை

சின்ன விமானம் ஒன்று வயலில் இறங்கிவிட்டால், ஓட்டியவர் உயிரோடிருக்கும் பட்சத்தில், அவர் வாயிலிருந்து முதலில் வருவது "பெற்றோலில் தண்ணீர்" என்பதுதான். அப்படிப்பட்ட அறிக்கைகளைப் படிப்பதற்காகவே அரசாங்கம் எனக்கு முப்பது வருடம் சம்பளம் தந்தது. தாங்கியில் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்காமல் கிளம்பியவர்கள், ஒரு தாங்கி வற்றியபோது மற்றதற்கு மாற்ற மறந்தவர்கள், பெற்றோல் குழாயின் திருகைத் தாமே மூடிவைத்துவிட்டு எஞ்சினைத் திட்டியவர்கள், எல்லோரும் தண்ணீரைத்தான் குற்றம் சொன்னார்கள். தண்ணீர் எதிர்த்துப் பேசாது. அதில் உள்ள வசதி அது.

நான் இங்கே எழுதுவது அந்த வேலைக்கு முந்திய விஷயம். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கண்டியில் ஒரு கராஜில் நான் கிளாக்கராக இருந்தேன். இதை எழுதுவதில் மன்னிப்புக் கேட்கும் நோக்கம் எனக்கு இல்லை. என் பங்குப் பிழையை அன்றே எழுத்தில் ஒப்புக்கொண்டேன். மற்றவர் தன் பங்கை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

மற்றவர் என்பது கம்பளைக்கு மேலே தேயிலைத் தோட்டம் ஒன்றை நடத்திய வெள்ளைக்காரத் துரை. அவரிடம் சொந்தமாக ஒரு விமானம் இருந்தது. துணி போர்த்திய இரட்டை இறக்கை, திறந்த இரண்டு இருக்கை. பெற்றோல் தாங்கி மேல் இறக்கையின் நடுவில், முன் இருக்கைக்கு நேர் மேலே இருக்கும். பெற்றோல் தன் பாரத்தாலேயே குழாய் வழியாக எஞ்சினுக்கு இறங்கும். பம்ப் கிடையாது. மகாவலிக் கரையில், மாடு மேய்க்கும் வெளியைச் சமப்படுத்தி, தகரக் கொட்டகை ஒன்று போட்டு அதை அங்கே நிறுத்தியிருந்தார். எஞ்சினைக் கவனிப்பது எங்கள் கராஜின் வேலை. கவனித்தவர் கட்டுகஸ்தோட்டை ஆள், வயது ஐம்பதைத் தாண்டியவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, கராஜில் எல்லோருக்கும் அவர் நானாதான். விமானத்தைச் செய்தவர்கள் கொடுத்த கைநூலை நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு எஞ்சினைத் தொட்டால் கைநூலை எழுதியவனே அவர்தானோ என்று தோன்றும்.

துரை அந்தக் கைநூலைப் படித்ததாக எனக்கு நினைவில்லை. ஒருமுறை பெற்றோல் திருகைத் திறக்காமலே எஞ்சினைக் கிளப்பி, குழாயில் மிச்சமிருந்த பெற்றோலில் வெளியின் பாதித் தூரம் ஓடி, எஞ்சின் அணைந்து நின்றார். இறங்கி வந்து எஞ்சின் பழசாகிவிட்டது என்றார். நானா குனிந்து திருகைத் திறந்துவிட்டு, "இப்ப புதிசாகிட்டுது தொர, போங்க" என்றார். துரைக்கு விளங்கவில்லை.

கொட்டகைக்குக் காவல் இருந்தவர் தோட்டத்து ஆள். தேயிலை அரைக்கும் மெசினில் வலது கையின் இரண்டு விரல்களைக் கொடுத்தவர். அதற்குப் பிறகு பாரம் தூக்க முடியாததால் துரை அவரைக் கொட்டகையில் போட்டிருந்தார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில். விமானத்தைத் துடைப்பது, பெற்றோல் தகரங்களைப் பார்த்துக்கொள்வது, இறக்கையில் மாடு உரசாமல் விரட்டுவது அவர் வேலை. விமானம் என்று அவர் சொன்னதில்லை. "நம்ம பிளேன்" என்பார்.

ஆயுத பூசை அன்று காலை நானாவும் நானும் லொறியில் பெற்றோல் கொண்டு போனோம். தாங்கியை விளிம்பு வரை நிரப்பினோம். தகரத்திலிருந்து தாங்கிக்கு ஊற்றும்போது மெல்லிய தோல் விரித்த புனலால் வடிக்க வேண்டும். பெற்றோல் இறங்கும், தண்ணீர் தோலில் தங்கும். வடித்தது நான். தோலில் தங்கியது இரண்டு துளி. மழை பெய்யும் ஊரில் அது வழக்கம்.

மூடியைத் திருகிவிட்டு இறங்கும்போது காவற்காரர் தட்டோடு நின்றார். "கிளாக்கரய்யா, பேக்டரியில மெசினுக்கெல்லாம் பூசை போடுறாங்க. நம்ம பிளேனுக்கு மட்டும் ஒண்ணும் இல்லீன்னா நல்லாவா இருக்கும்? தொரகிட்ட கேட்டேன், சரின்னுட்டாரு."

நானா வெளியே போனார். "நான் அங்கால நிக்கிறன். முடிஞ்ச ஒடன கூப்பிடுங்க, கடல தின்ன வாறன்."

துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். காவற்காரர் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்திருந்தார். காற்றாடியில், சக்கரங்களில், இருக்கை விளிம்பில் எல்லாம் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். துரையின் நெற்றியிலும் ஒன்று. துரைக்கு உற்சாகம் தாங்கவில்லை. கைத்தடியால் மேலே காட்டி, தோட்டத்துத் தமிழில், "தலைக்கு இல்லே? தலைக்கு வை!" என்றார்.

தலை என்று அவர் காட்டியது தாங்கியின் மூடியை. காவற்காரருக்கு அந்தக் கையால் பிடித்து ஏறுவது சிரமம். நான் உயரமானவன். ஏறினேன். விரலால் வழித்து மூடியின் நடுவில் பெரிதாக ஒன்று வைத்தேன். இறங்கினேன். கடலை சாப்பிட்டோம். வெயில் நன்றாக அடித்தது.

இரண்டு நாள் கழித்துத் துரை கொழும்புக்குப் பகல் சாப்பாட்டுக்குப் புறப்பட்டார். முதலில் பேராதனைப் பக்கமாக ஆற்றின் போக்கிலே பறந்து உயரம் ஏறிக்கொண்டிருந்தபோது, கெலிஓயாவுக்கு இப்பால் எஞ்சின் இருமி, தடுமாறி, அணைந்தது. உழுது வைத்திருந்த வயல் ஒன்றில் இறங்கினார். சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் மூக்குக் குத்தி நின்றது. காற்றாடி உடைந்தது. துரைக்கு உதடு கிழிந்தது.

மறுநாள் காலை கராஜ் முதலாளி என்னைக் கூப்பிட்டார். எஞ்சினைப் பராமரிக்கும் கராஜ் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அது துரையின் அறிக்கையோடு கொழும்பில் விமான அதிகாரிகளுக்குப் போகும். என்ன எழுத வேண்டும் என்பதை அவர் முன்னமே முடிவு செய்திருந்தார்.

"துரை எஞ்சினின் அடி வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தாராம். தண்ணீர் இருந்ததாம். எங்கட பெற்றோலில் தண்ணீர் வர நியாயமில்லை. காவற்காரன் களவெடுத்து வித்துப்போட்டு, தண்ணியை ஊத்தி நிரப்பியிருக்கிறான். நீர் போய்ப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு வாரும்."

"பார்த்திட்டு எழுதிறதோ, எழுதிப்போட்டுப் பார்க்கிறதோ?" என்று கேட்டேன்.

நானாவும் நானும் போனபோது, தோட்டத்து ஆட்கள் முப்பது பேர் அளவில் விமானத்தைக் கயிறு கட்டி இழுத்து, வாலை மாட்டு வண்டியில் ஏற்றி, கொட்டகை முன்னால் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அன்றைய கூலிக்குப் பேர் போட்டுக்கொள்வதற்காகத் துரையின் வருகையை எதிர்பார்த்துப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். காவற்காரர் தனியாக, தகரச் சுவரோடு சாய்ந்து நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை.

"வேலைய விட்டு நிப்பாட்டுற பத்துச்சீட்டு எழுதியாச்சாம் அய்யா," என்றார். "மாசக் கடைசியில லயத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. போகச் சொன்னா போயிடலாமுங்க. களவுன்னு அந்தச் சீட்டுல எழுதினா எந்தத் தோட்டத்துல சேப்பாங்க? மூணு புள்ளைங்க. நான் ஒரு சொட்டுத் தொடலீங்க."

"விமானம் குத்தினபோது நீங்க அங்க போனீங்களோ?"

"நாந்தான் மொதல்ல ஓடினேன். நெருப்புப் புடிச்சிரும்னு எல்லாம் தூர நின்னாங்க. மூக்கு கீழ, தாங்கி நெறைய எண்ணெ. ஒரு சொட்டு சிந்தலீங்களே!"

அந்த வாக்கியம் எனக்குள் எங்கோ இடித்தது. ஏன் என்று உடனே விளங்கவில்லை. ஒரு படித்த முட்டாளுக்கு அந்த நேரம் போதவில்லை.

நானா எஞ்சின் பக்கத்தில் குழாயைக் கழற்றி, கீழே வாளியை வைத்துத் திருகைத் திறந்தார். பெற்றோல் பென்சில் கனத்தில் வந்தது. கொஞ்ச நேரத்தில் நூலாகியது. பிறகு சொட்டு. பிறகு அதுவும் இல்லை.

"தம்பி, தாங்கி நெறைய எண்ணெ ஈக்குது. வருதில்லையே. கொழாயில குப்ப ஒண்ணும் இல்ல, நான் ஊதிப் பாத்த. மேல ஏறி எவ்வளவு ஈக்குதுன்னு ஒருக்கா பாருங்க."

அளவுகோலோடு ஏறினேன். மூடியைத் திருகித் தளர்த்தினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கீழே நானா கத்தினார்: "வருது! வருது!"

மூடியைப் பார்த்தேன். நடுவில் சந்தனம் காய்ந்து சுண்ணாம்பு போல இறுகியிருந்தது. அதன் கீழே, குண்டூசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்க வேண்டும். பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் தாங்கி உள்ளிருந்தே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பெற்றோல் இறங்காது. மெதுவாக ஓடும்போது சந்தனத்தின் வெடிப்பு வழியாகப் போகும் காற்று போதும். முழு வேகத்தில் மேலே ஏறும்போது போதாது. இதை நான் நானாவுக்குத் தமிழில் இரண்டு முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். கண்டி மாவட்டத்திலேயே அந்தத் துளையைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் ஏறி, பூசை சிறப்பாக அமையவேண்டும் என்று, அதன் வாயை அடைத்துவிட்டு இறங்கிக் கடலை சாப்பிட்டிருக்கிறான்.

மூக்குக் குத்தியும் ஒரு சொட்டு சிந்தாததற்கு அதுதான் காரணம்.

இறங்கி நானாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"சொறண்டிப் போடுங்க. குளவி மண் வச்சி அடச்சிட்டுதுன்னு எழுதுங்க. நெசமாவே குளவி அப்பிடிச் செய்யும். ஒங்களுக்கும் ஒண்ணும் இல்ல, தொரைக்கும் ஒண்ணும் இல்ல. குளவிய யாரு வேலையால நிப்பாட்டுவாங்க?"

நல்ல யோசனை. ஒரு நிமிடம் எனக்கும் பிடித்திருந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. பிறகு கேட்டேன்: "நானா, குளவி வராமல் துடைச்சு வைக்கிறது ஆருடைய வேலை?"

நானா தகரச் சுவர்ப் பக்கம் பார்த்தார். "அல்லாவே," என்றார். "அதுவும் அவன்ட தலையிலதான்."

"மூடி அப்படியே இருக்கட்டும். ஆருடைய தலையிலயாவது போடுறதெண்டால் என்ரை தலையும் இருக்கு."

"ஒங்கட தல பெரிய தலதான் தம்பி. ஆனா வேல போகும்."

"ஓம், போகும்."

துரை பதினொரு மணிக்கு வந்தார், உதட்டில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. என்னோடு அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அறிக்கை ஆயிற்றா என்று கேட்டார். எழுதுமுன் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றேன். பிறகு புல்லில் இருந்தவர்களைப் பார்த்துத் தமிழில், "எல்லாரும் கிட்ட வாங்கோ. வாளியைப் பாருங்கோ," என்றேன். துரைக்கு அது பிடிக்கவில்லை. அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். அடைத்த கதவுக்குள்ளே நான் காட்டியிருந்தால், வெளியே வரும்போது அது தண்ணீராகத்தான் வந்திருக்கும்.

நானா திருகைத் திறந்தார். பெற்றோல் வந்தது, மெலிந்தது, நின்றது.

"தீந்து போச்சு," என்றான் ஒருவன்.

"நெறையக் கெடக்குன்னாங்களேடா?"

நான் மேலே ஏறி மூடியைத் தளர்த்தினேன். உஸ்ஸென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பெற்றோல் வாளியில் கொட்டியது. மறுபடி இறுக்கினேன். நூலாகி நின்றது. தளர்த்தினேன். கொட்டியது.

"அப்ப பிளேனுக்கு மூக்கடப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

மூடியைக் கழற்றி எல்லோருக்கும் காட்டினேன். பேனாக் கத்தியால் சந்தனத்தைச் சுரண்டி, துளையில் ஊசியை விட்டு எடுத்து, மறுபடி இறுக்கி மூடினேன். இந்தமுறை பெற்றோல் நிற்கவே இல்லை. நானா திருகை மூட வேண்டியிருந்தது. அளவுகோலையும் போட்டுப் பார்த்தேன். பூசை அன்று நிரப்பியதில், பறந்த நேரத்துக்கும் வாளிக்கும் போனதைத் தவிரக் குறைவில்லை. வாளியின் அடியிலும் இரண்டொரு துளிக்கு மேல் தண்ணீர் இல்லை. சிரிப்பு அதற்குள் அடங்கிவிட்டது. பொட்டைக் கண்டதும் எல்லோருடைய கண்ணும் காவற்காரரிடம் போயிருந்தது. துரையின் கண்ணும்.

"யார் வைத்தது?"

"நான்," என்றேன். "உங்கள் கைத்தடி காட்டிய இடத்தில்."

"உனக்கு அந்தக் கைநூல் மனப்பாடம் என்று உன் முதலாளி பெருமை அடிப்பாரே."

"மனப்பாடம்தான். ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னும் மூடியையும் துளையையும் ஓட்டுகிறவர் தன் கண்ணாலே பார்க்க வேண்டும் என்று அதே பக்கத்தில் இருக்கிறது. பொட்டு இரண்டு நாள் அங்கேயே இருந்தது. குங்குமத்தோடு."

"நான் செத்திருப்பேன்."

"தீப்பிடித்தும் செத்திருக்கலாம். சிந்தாமல் காத்ததும் அந்தப் பொட்டுத்தான். வேண்டுமானால் அதையும் எழுதுகிறேன்."

அவர் முகம் சிவந்தது. ஆனால் முட்டாள் இல்லை, சீக்கிரம் ஆறினார். என்னைக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். துளையை நான் அடைத்தேன் என்று மட்டும் எழுத வேண்டும். ஓட்டுகிறவர் பார்ப்பது பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அது போனால் அவருடைய பறக்கும் அனுமதிக்கு ஆபத்து. நான் அப்படி எழுதினால் காவற்காரரின் சீட்டைக் கிழித்துவிடுவார். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அந்தக் குடும்பம் ரோட்டில்.

முழுப் பழியையும் ஏற்றுக்கொண்டால் ஒரு குடும்பம் தப்பும். படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் நான் பெருந்தன்மையாக நடந்திருந்தால் பிடித்திருக்கும். எனக்குப் பெருந்தன்மை வரவில்லை. பாதி உண்மையை வாங்குவதற்கு ஓர் ஏழையின் லயத்து அறையைப் பிணையாக வைத்த மனுஷனுக்கு, நாளைக்கு அந்தச் சீட்டை மறுபடி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

வெளியே வந்து காவற்காரரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அது அவருடைய வீடு. அவருக்குத் தெரியாமல் நான் விலை பேச முடியாது. இன்னொன்றும் சொன்னேன். அறிக்கையின் அடியில் சாட்சிகளின் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது, யாரும் அதை நிரப்புவதில்லை. நிரப்பினால், அந்தச் சாட்சியை விசாரணைக்குக் கொழும்பில் கூப்பிடலாம். சாட்சியைத் துரை அதே மாதம் தோட்டத்தை விட்டு விரட்டினால் ஏன் என்று கேட்பார்கள்.

"கேப்பாங்கன்னு நிச்சயமா அய்யா?"

"நிச்சயமில்லை. கேட்க வேணும் எண்டு விதி இருக்கு. கேட்பினம் எண்டு நம்புறன்."

அவர் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பொட்டு வச்சப்ப, அந்த ஓட்டை இருக்கிறது ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வச்சீங்க?"

"அந்த நேரம் நினைவு வரேல்லை."

"நல்ல படிப்புங்க," என்றார். நன்றி ஒன்றும் அந்தக் குரலில் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. "ரெண்டையும் எழுதுங்க. தொர செஞ்சதையும், நீங்க செஞ்சதையும். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

பெற்றோல் தகரம் ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து எழுதினேன். மூன்று வாக்கியம். தாங்கி மூடியின் காற்றுத் துளையைச் சந்தனத்தால் அடைத்தது நான். பறப்பதற்கு முன் அதை ஓட்டியவர் பார்க்கவில்லை. பெற்றோல் குறையவில்லை, அதில் எஞ்சினை நிறுத்தக்கூடிய தண்ணீர் இல்லை. காவற்காரர் பேனாவை மிச்சமிருந்த மூன்று விரல்களால் பிடித்து, தன் பேரையும் தகப்பன் பேரையும் தமிழில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். துரை பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானா வந்து கையை மறுபடி துடைத்து, அதன் கீழே தன் பேரை வைத்தார். "குளவி நல்ல யோசனதான்," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

முதலாளி என்னை அந்த வாரமே அனுப்பிவிட்டார். நானாவை அனுப்பவில்லை; அனுப்பினால் எஞ்சின் வேலைக்கு ஆள் இல்லை. கொழும்பில் விசாரித்தார்கள், சாட்சி தோட்டத்தில்தான் இருக்கிறாரா என்றும் கேட்டார்கள். இருக்கிறார் என்று துரை பதில் எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதிய பிறகு காவற்காரரை வெளியேற்றவும் முடியவில்லை. துரையின் பறக்கும் அனுமதியைச் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள். விசாரணைக்குப் போகத் துரை, விமானம் இல்லாமல், கம்பளையில் ரயில் ஏறினார். அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனில் தனக்கு ஏதோ வேலை இருந்ததாகக் காவற்காரர் பிறகு நானாவிடம் சொன்னாராம். முதல் வகுப்புப் பெட்டி தாண்டும் வரை பிளாட்பாரத்தில் நின்று சலாம் போட்டாராம்.